கருவில் உள்ள பிள்ளைக்கு நாம் கொடுப்பவை

எமது ஆலய மண்டபத்தில் வளைகாப்பு நடைபெறும் நாட்களில், பிள்ளைத்தாய்ச்சிக்குப் பக்கத்தில் போடப்பட்ட மேசை சிறிது நேரத்தில் நிறைந்துவிடுகிறது. யாழ்ப்பாணத்து வீடுகளில் இச்சடங்கு அவ்வளவாக இருந்ததில்லை. அவுஸ்திரேலியாவுக்கு வந்த பின்னர் தமிழ்நாட்டு அன்பர்களிடமிருந்து நாம் கற்றுக்கொண்ட நல்ல வழக்கங்களில் இதுவும் ஒன்று. வளையல், பழம், பூ, புளிச்சாதம், தயிர்ச்சாதம் என்று வழக்கமானவை எல்லாம் மேசைக்கு வரும். அண்மைக்காலமாக இவற்றோடு வேறு சிலவும் வருகின்றன. புரதமா டின் ஒன்று, மீன் எண்ணெய்க் குளிசைப் போத்தல் ஒன்று, விடுமுறைக்கு ஊருக்குப் போனவர் கொண்டுவந்த லேகியம், சிறு பெட்டியில் குங்குமப்பூ. கொடுப்பவர்கள் அனைவரும் அன்பினால்தான் கொடுக்கிறார்கள். இதில் எமக்கு ஐயம் இல்லை.

ஆனால் அந்த மேசையில் வைக்கப்படும் பொருட்களைப் பெறுகிறவர்கள் இருவர். ஒருவர் எமக்கு முன்னால் இருக்கிறார். விரும்பினால் ‘வேண்டாம் மாமி’ என்று சொல்லலாம். (சொல்வது எவ்வளவு கடினம் என்பது வேறு கதை.) மற்றவருக்கு வாய் இல்லை. எதைக் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்வதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. அப்படிப்பட்டவருக்கு ஒன்றைக் கொடுப்பவர், கொடுக்கும் பொருளைப்பற்றி எவ்வளவு அறிந்திருக்க வேண்டும்? நல்லெண்ணம் மட்டும் போதுமா? பின்னர் ஏதாவது தீங்கு விளைந்தால் ‘தெரியாமல் செய்துவிட்டோம்’ என்பது விடையாகுமா? இந்தக் கேள்விகளைத்தான் இக்கட்டுரையில் சிந்திக்க முனைகிறோம். நோய்க்கு மருந்து சொல்வது எமது நோக்கமன்று; அதற்கு வைத்தியர்கள் இருக்கிறார்கள்.

எமது புராண இதிகாசங்கள் கருவில் உள்ள பிள்ளையை வெறும் சதைப்பிண்டமாகக் கருதியதில்லை. கயாதுவின் வயிற்றில் இருந்தபடியே பிரகலாதன் நாரதரின் உபதேசத்தைக் கேட்டான். சுபத்திரையின் வயிற்றில் இருந்த அபிமன்யு சக்கர வியூகத்துள் நுழையும் வழியைக் கேட்டான். வெளியேறும் வழியைக் கேட்கவில்லை. இக்கதைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது நாம் பொதுவாகக் கருவின் ஆற்றலைப் புகழ்ந்து சொல்கிறோம். அபிமன்யுவின் கதையில் இன்னொன்றும் இருக்கிறது. பேசியவர் வயிற்றுப் பிள்ளைக்கு என்று எதையும் பேசவில்லை. பெரியவர்கள் தமக்குள் பேசியது பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்தது, அதுவும் பாதியாக. பாதி அறிவின் விலையைப் பதினாறு வயதில் அவன் கொடுத்தான்.

சென்ற நூற்றாண்டில் ஏறக்குறைய இதே போன்ற ஒரு சம்பவம் மருத்துவ உலகில் உண்மையாகவே நடந்தது. டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ரோல் என்ற செயற்கை ஹோர்மோன் 1940களிலிருந்து அமெரிக்காவில் கருச்சிதைவைத் தடுப்பதற்காகக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்பட்டது. 1953இல் சிக்காகோவில் நடந்த ஒரு முறையான பரிசோதனை, இதனால் ஒரு பயனும் இல்லை என்று காட்டிவிட்டது. ஆயினும் கொடுப்பது நிற்கவில்லை. 1957இல் வெளிவந்த ஒரு விளம்பரம், எல்லாக் கர்ப்பிணிகளும் இதை வழக்கமாக எடுக்கலாம், பிள்ளை பெரிதாகவும் பலமாகவும் பிறக்கும் என்ற பொருளில் பேசியது. நோய்க்கு மருந்தாக வந்தது, நோயில்லாதவருக்குச் சத்தாக மாறிவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். 1971இல் பொஸ்ரன் வைத்தியர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். மிக அரிதான ஒரு வகைப் புற்றுநோய் எட்டு இளம் பெண்களிடம் காணப்பட்டது. வயது 15 முதல் 22 வரை. அவர்களில் ஏழு பேரின் தாய்மார் கர்ப்ப காலத்தில் அந்தக் குளிசையை விழுங்கியிருந்தார்கள். தாய்க்கு அப்போது ஒன்றும் ஆகவில்லை. பிள்ளை நலமாகப் பிறந்து, நடந்து, பள்ளிக்கூடம் போய், பெரியவளானாள். அதன் பின்னர்தான் தீங்கு தெரிந்தது. பிறந்த பிள்ளை அழகாக இருக்கிறது, ஆகவே கொடுத்தது நல்லதுதான் என்று நாம் செய்யும் வாதம் எவ்வளவு பலவீனமானது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

‘அது மருந்து, நாம் கொடுப்பது சத்து’ என்று சிலர் கூறலாம். நியாயமான மறுப்புத்தான். ஆகவே சத்தையே எடுத்துக்கொள்வோம்.

நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதியில் வறுமைப்பட்ட கர்ப்பிணிகளுக்குச் சத்துப் பானம் கொடுத்துச் செய்த ஒரு பரிசோதனையின் முடிவு 1980இல் வெளியானது. ஒரு பிரிவினருக்குக் கொடுத்த பானத்தில் புரதம் மிகக் கூடுதலாக இருந்தது. நாளொன்றுக்கு 40 கிராம். எடை குறைந்து பிறக்கும் பிள்ளைகளைக் காப்பாற்றலாம் என்ற நல்லெண்ணத்தில் தொடங்கிய வேலை. ஆனால் அந்தப் பிரிவில்தான் காலத்துக்கு மிக முன்னதாகவே பிறந்த பிள்ளைகளும், அதனால் ஏற்பட்ட இறப்புகளும் கூடுதலாகக் காணப்பட்டன. உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட கர்ப்பகாலப் பராமரிப்பு வழிகாட்டி, உணவுப் பற்றாக்குறை உள்ள சமூகங்களில்கூட உயர்புரதச் சேர்க்கையைப் பரிந்துரைக்கவில்லை. மாவும் கொழுப்பும் புரதமும் சமனாக உள்ள மேலதிக உணவையே பரிந்துரைக்கிறது. பருப்பும் முட்டையும் தயிரும் மீனும் இதில் அடங்கும். அவற்றைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது கரண்டி கரண்டியாகக் கரைக்கும் செறிந்த தூளைக் கண்டுதான்.

விற்றமின் ஏ இன்னொரு உதாரணம். எமது தலைமுறையில் பலர் சிறுவயதில் மூக்கைப் பிடித்துக்கொண்டு கொட் லிவர் எண்ணெய் குடித்து வளர்ந்தவர்கள். அந்த எண்ணெயில் விற்றமின் ஏ நிறைய உண்டு. கண்ணுக்கு நல்லது, பிள்ளைக்கும் நல்லதாக இருக்கும் என்று எண்ணுவது இயல்பே. 1995இல் அமெரிக்காவில் 22,748 கர்ப்பிணிகளைக் கொண்டு செய்த ஓர் ஆய்வு வெளியானது. குளிசை வழியாக நாளொன்றுக்கு 10,000 அலகுக்கு மேல் ரெட்டினோல் வடிவ விற்றமின் ஏ எடுத்தவர்களின் பிள்ளைகளில், ஏறத்தாழ 57க்கு ஒன்று அந்த விற்றமினால் வந்த பிறவிக் குறைபாட்டுடன் பிறந்தது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். பழைய வகைக் கொட் லிவர் எண்ணெயில் ஒரு மேசைக்கரண்டி இந்த அளவைத் தாண்டக்கூடும். அதற்கு முன்பே, 1990இல், பிரித்தானிய சுகாதாரத் திணைக்களம் கர்ப்பிணிகள் ஈரலையும் விற்றமின் ஏ குளிசைகளையும் தவிர்க்கவேண்டும் என்று கூறிவிட்டது. கரட்டிலும் மாம்பழத்திலும் முருங்கை இலையிலும் உள்ளது வேறு வடிவம். உடல் அதிலிருந்து தனக்கு வேண்டிய அளவையே விற்றமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. ஒரே பெயருடைய சத்து, கறியாக வந்தால் ஒரு விதமாகவும், போத்தலில் வந்தால் வேறு விதமாகவும் நடந்துகொள்கிறது. மீன் எண்ணெய் என்ற பெயரிலும் இதே சிக்கல் உண்டு. மீனின் உடலில் இருந்து எடுத்த எண்ணெய் ஒன்று, ஈரலிலிருந்து எடுத்தது இன்னொன்று. பரிசு வாங்கப் போகிறவர் பெட்டியின் பின்பக்கத்தைப் பார்ப்பதில்லை.

விற்றமின் சீ, ஈ இரண்டையும் பெரிய அளவில் கொடுத்தால் கர்ப்பகாலத்து உயர் இரத்த அழுத்த நோயைத் தடுக்கலாம் என்று ஒரு காலத்தில் பலர் நம்பினார்கள். 2006இல் பிரித்தானியாவிலும் இங்கு அவுஸ்திரேலியாவிலும் பெரிய பரிசோதனைகளின் முடிவுகள் வந்தன. நோய் குறையவில்லை. பிரித்தானியப் பரிசோதனையில் எடை குறைந்து பிறந்த பிள்ளைகளின் தொகை சற்றுக் கூடியது. கடற்பாசிக் குளிசையின் கதை இன்னும் கிட்டியது. அயடீன் போதாவிட்டால் பிள்ளையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். மிஞ்சினால் பிள்ளையின் தைரொயிட் சுரப்பி பாதிக்கப்படும். 2009இல் இந்நாட்டில் கடற்பாசிச் சாறு சேர்த்த ஒரு சோயாப் பால் கடைகளிலிருந்து திருப்பி எடுக்கப்பட்டதை வாசகர்கள் சிலர் நினைவில் வைத்திருக்கலாம். அதைக் குடித்தவர்களுக்கும், குடித்த தாயின் பிள்ளைக்கும் தைரொயிட் கோளாறு வந்தது.

இனி எமது வீட்டுப் பக்கம் வருவோம். ‘வெள்ளைக்காரன் குளிசையை விடுங்கள், எங்களுடையது இயற்கையானது’ என்று பெரியவர்கள் சொல்வார்கள். இயற்கை என்ற சொல் எமது காதுக்குக் கோயில் மணிபோல ஒலிக்கிறது. ஈயமும் பாதரசமும்கூட இயற்கையில் கிடைப்பவைதாம். 2004இல் பொஸ்ரன் நகரைச் சுற்றியுள்ள தெற்காசியக் கடைகளில் 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளை வாங்கிச் சோதித்தபோது 14 தயாரிப்புகளில் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ இருந்தன. 2012இல் நியூயோர்க் சுகாதார அதிகாரிகள் ஆறு கர்ப்பிணிகளின் இரத்தத்தில் ஈயம் ஏறியிருந்ததைப்பற்றி அறிக்கை வெளியிட்டார்கள். ஆறு பேரும் இந்தியாவிலிருந்து வந்த ஆயுர்வேத மருந்துகளை உட்கொண்டிருந்தார்கள். தாயின் இரத்தத்தில் உள்ள ஈயம் தொப்புள்கொடி வழியே பிள்ளைக்குப் போகிறது. எலும்பில் பல வருடங்கள் தங்கியிருந்து அடுத்த கர்ப்பத்திலும் வெளிவரக்கூடியது. சித்த வைத்தியத்தில் பற்பம், செந்தூரம் என்பன உலோகத்தையும் பாஷாணத்தையும் புடம் போட்டுச் செய்பவை. அவற்றைச் செய்யவும் கொடுக்கவும் கற்றறிந்த வைத்தியர் வேண்டும் என்று அந்த மரபே சொல்கிறது. பயணப்பெட்டியில் உடுப்புக்களுக்கு நடுவே வரும் பெயரில்லாப் போத்தலுக்கு அந்த மரபின் மதிப்பைக் கொடுப்பது மரபுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

அதிமதுரத்தை எடுத்துக்கொள்வோம். இருமலுக்கு அதிமதுரத் துண்டைச் சப்பாத பிள்ளை எம்மில் யார்? பின்லாந்தில் அதிமதுர இனிப்பு மக்கள் விரும்பி உண்ணும் பண்டம். ஹெல்சிங்கியில் தாய்மாரையும் பிள்ளைகளையும் பல வருடங்கள் தொடர்ந்து பார்த்து 2009இலும் 2017இலும் ஆய்வு முடிவுகளை வெளியிட்டார்கள். கர்ப்பத்தில் அதிமதுரத்தின் சத்தான கிளிசிரைசின் வாரத்துக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் உண்ட தாய்மாரின் பிள்ளைகள் அறிவுச் சோதனைகளில் சராசரியாக ஏழு புள்ளி குறைவாகப் பெற்றார்கள். பெண்பிள்ளைகள் முன்னதாகவே பருவமடைந்தார்கள். இத்தகைய அவதானிப்பு ஆய்வு காரணத்தை ஐயமின்றி நிறுவாது என்பது உண்மையே. ஆனாலும் அந்நாட்டுச் சுகாதார நிறுவனம் கர்ப்பிணிகள் பெருமளவில் உண்ணவேண்டாம் என்று சொல்கிறது. தொண்டை கரகரப்புக்கு ஒரு சிறு துண்டு என்பது வேறு, தினமும் அதிமதுரத் தூளைத் தேனில் குழைத்து உண்பது வேறு.

குங்குமப்பூவைப்பற்றி வெளிப்படையாகவே பேசவேண்டும். பாலில் இரண்டு இழை போட்டுக் குடிப்பதனால் தீங்கு வருவதாக நாம் அறியவில்லை. பெருமளவில் எடுத்தால் கருப்பையைச் சுருங்கச் செய்யும் என்பதால் அது ஆகாது. ஆனால் அந்தச் சிறு பெட்டியை நாம் எதற்காகக் கொடுக்கிறோம்? பிள்ளை சிவப்பாகப் பிறக்கவேண்டும் என்பதற்காக. தோலின் நிறம் தாய் தந்தையரிடமிருந்து வரும் மரபணுவில் முடிவானது. பால் குடித்து அதை மாற்ற முடியாது. மாற்ற முடியாது என்பதைவிட, பிறக்குமுன்னரே ‘நீ கறுப்பாக வந்துவிடாதே’ என்று ஒரு பிள்ளைக்குச் சொல்லி அனுப்புவது எமக்கு வருத்தம் தருகிறது. கருநிறத்துக் கண்ணனையும் காளியையும் கருவறையில் வைத்து வணங்குகிறவர்கள் நாம்.

இதைவிடக் கொடியது ஆண்பிள்ளை வேண்டிக் கொடுக்கும் மருந்து. தாய்க்குக் கரு உண்டாகிய அக்கணமே, தந்தையிடமிருந்து வந்த அணுவினால் ஆணா பெண்ணா என்பது தீர்ந்துவிடுகிறது. அதன் பின்னர் கொடுக்கும் எந்தத் தூளும் அதை மாற்றாது. வட இந்தியாவின் ஹரியானா மாநிலத்தில் இந்த வழக்கம் அதிகம். அங்கு நடந்து 2015இல் வெளியான ஓர் ஆய்வு, இத்தகைய மருந்தை உட்கொண்ட தாய்மாருக்குப் பிறவிக் குறைபாடுள்ள பிள்ளைகள் பிறப்பது கூடுதலாக இருந்ததைக் காட்டியது. எமது குடும்பங்களில் இது இல்லை என்று நம்பவே விரும்புகிறோம்.

இவ்வளவையும் வாசித்தவர், ‘அப்படியானால் ஒன்றுமே கொடுக்காமல் சும்மா இருப்பதுதான் தருமம்’ என்று முடிவு செய்யலாம். அங்கேதான் இக்கேள்வி உண்மையில் கடினமாகிறது. ஏனெனில் கொடாமல் விடுவதும் ஒரு செயலே. அதற்கும் விளைவு உண்டு.

பிள்ளையின் முதுகுத்தண்டாகவும் மூளையாகவும் வளரவேண்டிய குழாய், கரு உண்டாகிய 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. பல பெண்களுக்குத் தாம் கர்ப்பம் என்று அப்போது தெரியவே தெரியாது. அது சரியாக மூடாத பிள்ளைகள் இறக்கின்றன, அல்லது கால் இயங்காமல் வாழ்கின்றன. 1991இல் ஏழு நாடுகளின் 33 நிலையங்களில், முன்னர் அத்தகைய பிள்ளையைப் பெற்ற 1,817 தாய்மாரிடம் நடத்திய பரிசோதனை, போலிக் அமிலம் இந்தக் குறைபாடு மீண்டும் வருவதை 72 வீதம் தடுக்கிறது என்று நிறுவியது. இங்கு 2009 செப்டெம்பர் முதல் பாண் செய்யும் கோதுமை மாவில் போலிக் அமிலம் சேர்ப்பது கட்டாயமாக்கப்பட்டது. 2016இல் வெளியான அரச அறிக்கையின்படி நாடு முழுவதும் இக்குறைபாடு 14 வீதத்துக்கு மேல் குறைந்தது. ஆதிவாசித் தாய்மாரிடையே 74 வீதம் குறைந்தது. இந்தக் கட்டாயம் அரிசிக்கு இல்லை. இடியப்பமும் தோசையும் சோறும் உண்கிற எமது வீட்டுப் பெண் பாண் உண்ணும் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கிடைக்கும் பாதுகாப்பைப் பெறாமல் இருக்கக்கூடும். ஆகவே கர்ப்பத்துக்கு ஒரு மாதம் முன்னரே தொடங்கி முதல் மூன்று மாதம் வரை 400 மைக்ரோகிராம் போலிக் அமிலமும், கர்ப்ப காலம் முழுவதும் 150 மைக்ரோகிராம் அயடீனும் என்று இந்நாட்டு வைத்தியர்கள் சொல்வதை ‘குளிசை வேண்டாம், எல்லாம் கடவுள் பார்ப்பார்’ என்று தட்டிக்கழிப்பதும் பிள்ளைக்குச் செய்யும் தீங்கே. (நீரிழிவு போன்ற சில நிலைகளில் அளவு கூடும், அது வைத்தியர் சொல்ல வேண்டியது.)

சைவ உணவுக்காரராகிய எமக்கு இன்னொரு பாடம் தமிழ்நாட்டிலிருந்தே வந்தது. 1962இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி வைத்தியர்கள் லான்செற் சஞ்சிகையில் சில கைக்குழந்தைகளைப்பற்றி எழுதினார்கள். தாய்ப்பால் குடித்து வளர்ந்த பிள்ளைகள். சிரிப்பை மறந்து, கற்ற அசைவுகளை மறந்து, சோர்ந்து கிடந்தன. தாய்மார் விற்றமின் பி12 குறைந்தவர்கள். அந்த விற்றமினைக் கொடுத்ததும் பிள்ளைகள் தேறின. எமது விரதங்களும் கொல்லாமையும் பெருமைக்குரியவை. ஆனால் பி12 மரக்கறியில் இல்லை. பாலும் தயிரும் குறைவாக உண்ணும் தாய்க்கு இரத்தப் பரிசோதனை அவசியம். இதிலும் ஒன்றைத் தனியே பார்க்க முடியாது. பூனேயில் தாய்மாரையும் பிள்ளைகளையும் தொடர்ந்து ஆராய்ந்தவர்கள் 2008இல் எழுதியதன்படி, போலேற் கூடுதலாகவும் பி12 குறைவாகவும் இருந்த தாய்மாரின் பிள்ளைகளிடம், நீரிழிவுக்கு முன்னோடியான இன்சுலின் எதிர்ப்பு ஆறு வயதில் அதிகமாகக் காணப்பட்டது. நல்லது என்று நாம் சொன்ன அதே போலிக் அமிலம்!

பயமும் ஒரு நஞ்சாகலாம் என்பதற்கு எமது நகரமாகிய சிட்னியிலேயே ஒரு வரலாறு உண்டு. தலிடொமைட் என்ற தூக்க மருந்து 1957இல் மேற்கு ஜேர்மனியில் விற்பனைக்கு வந்தது. தீங்கற்றது என்று கூறப்பட்டு, கர்ப்பகாலக் குமட்டலுக்கும் பல நாடுகளில் கொடுக்கப்பட்டது. 1961இல் அது நிறுத்தப்படுவதற்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் கைகால் குறைபாட்டுடன் பிறந்துவிட்டார்கள். உலகத்தை எச்சரித்தவர்களில் ஒருவர், சிட்னி கிரவுண் வீதி மகளிர் மருத்துவமனையில் பணியாற்றிய டொக்டர் வில்லியம் மக்பிறைட். 1961 டிசெம்பரில் லான்செற்றில் வந்த அவருடைய கடிதம் சில வரிகளே கொண்டது. அதே மக்பிறைட் பின்னர் வேறு மருந்துகளும் பிள்ளைகளைச் சிதைக்கின்றன என்று நிரூபிக்க முயன்று முயல்களில் செய்த பரிசோதனையின் கணக்கைத் திரித்து எழுதினார். 1993இல் வைத்தியர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார். அவர் எதிர்த்த டெபென்டொக்ஸ் என்ற குமட்டல் மருந்து, விற்றமின் பி6உம் ஓர் ஒவ்வாமை மருந்தும் சேர்ந்தது. வழக்குகளின் நெருக்கடியால் 1983இல் அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது. அதன்பின் பிறவிக் குறைபாடு குறையவில்லை. கடும் வாந்தியினால் மருத்துவமனைக்கு வந்த கர்ப்பிணிகளின் தொகைதான் கூடியது. அதே கலவை 2013இல் அமெரிக்காவில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஒரே மனிதர் ஒரு முறை உண்மையைச் சொல்லிப் பிள்ளைகளைக் காத்தார். இன்னொரு முறை தமது நிச்சயத்தையே உண்மை என்று கொண்டு தாய்மாரை வருத்தினார். தலிடொமைட்டினால் பாதிக்கப்பட்டோரிடம் அவுஸ்திரேலிய அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது 2023 நவம்பரில். அறுபத்திரண்டு வருடங்கள்!

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது எமக்குத் தோன்றுவது இது. குறையை நிரப்புவது ஒன்று. போதுமானதற்கு மேல் சேர்ப்பது இன்னொன்று. குறை உண்டென்று பரிசோதனை காட்டும்போது அதை நிரப்பாமல் விடுபவர், ஏன் விட்டார் என்று பதில் சொல்லக் கடமைப்பட்டவர். குறை இல்லாத இடத்தில் ‘இன்னும் நல்லதாக’ என்று சேர்ப்பவர் அதைவிடக் கடுமையாகப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். ஏனெனில் அவர் நீக்கும் துன்பம் எதுவும் இல்லை, விளையக்கூடிய தீங்கை மட்டும் இன்னொருவர் தலையில் வைக்கிறார். திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்தில் ஒரு மருந்தின் பெயர்கூட இல்லை. பெரும்பகுதி உண்ணும் அளவைப்பற்றியதே. அது தற்செயல் என்று நாம் நினைக்கவில்லை.

இந்தப் பொறுப்பை யார் மீது வைப்பது என்பதில் எமது சமூகம் பெரிய அநியாயம் செய்கிறது. பிள்ளைக்கு ஒரு குறை என்றால் ‘அவள் எதைத் தின்றாளோ’ என்று தாயையே கேட்கிறோம். அந்த லேகியத்தை வாங்கியவர் மாமியார், அனுப்பியவர் ஊரில் உள்ள பெரியம்மா, விற்றவர் கடைக்காரர், நல்லது என்று ரெலிவிஷனில் சொன்னவர் யாரோ ஒரு நடிகை. விழுங்கியவள் மட்டும் குற்றவாளி. பிறவிக் குறைபாடுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் எவராலும் சொல்ல முடிவதில்லை என்பதையும் எவரும் அவளுக்குச் சொல்வதில்லை. கொடுக்கும்போது பத்துப்பேர், பழி ஏற்கும்போது ஒருத்தி என்ற இந்தக் கணக்குத் தருமத்துக்கு ஒத்ததல்ல. கொடுப்பவருக்கு அறியும் கடமை உண்டென்றால், ‘வேண்டாம்’ என்று கேட்டால் முகம் சுளிக்காமல் எடுத்துக்கொண்டு போகும் கடமையும் உண்டு. உடல் அவளுடையது. பிள்ளைக்காகப் பேசுகிறோம் என்று சொல்லிக்கொண்டு அவளுடைய வாயை அடைப்பதற்கு மாமியாருக்கோ கணவருக்கோ, இந்தச் செய்திமடலுக்கோ உரிமை இல்லை.

கடையில் விற்கிறார்கள், அரசாங்கம் பரிசோதித்திருக்காதா என்று பலர் கேட்கிறார்கள். இந்நாட்டில் சத்துக் குளிசைப் பெட்டிகளில் ‘அவுஸ்ற் எல்’ என்ற எழுத்துடன் ஓர் எண் இருக்கும். உள்ளே உள்ள பொருட்கள் ஆபத்துக் குறைந்தவை என்று அனுமதிக்கப்பட்ட பட்டியலில் உள்ளன என்பதே அதன் பொருள். அக்குளிசை சொன்ன பலனைத் தரும் என்று அதிகாரிகள் விற்பனைக்கு முன் சோதித்துப் பார்த்தார்கள் என்று பொருளல்ல. அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இப்பொருட்களுக்கு விற்பனைக்கு முன் அனுமதி பெறவேண்டிய அவசியமே இல்லை. அஞ்சலில் வருவதற்கும் பயணப்பெட்டியில் வருவதற்கும் எந்த எண்ணும் இல்லை.

கோயிலோடு தொடர்புடைய சிலவற்றையும் இங்கே சொல்லிவிடுகிறோம். திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகையின் சந்நிதியிலிருந்து விளக்கெண்ணெய்ப் பிரசாதம் கொண்டுவருவோர் எம்மிடையே உள்ளனர். அது வயிற்றின்மேல் தடவுவதற்குக் கொடுக்கப்படுவது. குடிப்பதற்கு என்று நினைத்த ஓரிருவரைப்பற்றிக் கேள்விப்பட்டோம். விளக்கெண்ணெய் குடித்தால் வயிற்றோட்டத்துடன் கருப்பையும் சுருங்கத் தொடங்கலாம். அடுத்தது விபூதி. சில கர்ப்பிணிகளுக்குச் சாம்பல், மண், அரிசி இவற்றைத் தின்னவேண்டும் என்ற ஆசை அடக்க முடியாமல் வரும். விபூதித் தட்டில் இருந்து அடிக்கடி எடுத்து வாயில் போடும் பெண்ணைப் பார்த்துப் பக்தி என்று நாம் மகிழ்கிறோம். அது இரத்தத்தில் இரும்புச்சத்துக் குறைந்திருப்பதன் அடையாளமாக இருக்கலாம். பொதி செய்து விற்கும் விபூதியில் என்ன கலந்திருக்கிறது என்பதும் வாங்குபவருக்குத் தெரியாது. நெற்றியில் பூசுவதோடு நிறுத்திக்கொண்டு வைத்தியரிடம் சொல்லவேண்டும்.

வைத்தியரிடம் சொல்வதிலும் எமக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. லேகியம், சூரணம் என்று சொன்னால் சிரிப்பார்கள் என்று எண்ணி எமது பெண்கள் மறைத்துவிடுகிறார்கள். சில வைத்தியர்கள் சிரிக்கத்தான் செய்கிறார்கள். வீட்டில் உள்ள போத்தல், பெட்டி, பொட்டலம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அப்படியே மேசையில் வைத்துவிடுவது நல்ல வழி. பெயரை உச்சரிக்கவும் வேண்டியதில்லை, வெட்கப்படவும் வேண்டியதில்லை. ஒரே சத்து மூன்று பெட்டிகளில் இருப்பதும் அப்போது தெரியவரும். ஈயம் பற்றிச் சந்தேகம் இருந்தால் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம். இந்தப் பக்கத்தை வாசிக்கத் தெரியாத எமது பிள்ளைகளுக்கு, அவர்களுடைய பெற்றோர் இதை வாய்மொழியாகச் சொன்னால் போதும்.

வைத்தியர் எழுதிக்கொடுத்த இரும்புச்சத்துக் குளிசையைப்பற்றி ஒரு வார்த்தை. வயிற்றுப் பிள்ளைக்கு அது வேண்டியதே. ஆனால் பார்வைக்கு மிட்டாய் போல இருக்கும். இரண்டு மூன்று வயது மூத்த பிள்ளை அதை ஒரு கைப்பிடி விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அமெரிக்காவில் சிறுபிள்ளைகள் இவ்வாறு இறந்ததனால் 1997இல் பெட்டியின் மேல் எச்சரிக்கை எழுதவேண்டும் என்று விதி செய்தார்கள். சாமியறைத் தட்டில் வைக்காமல், பிள்ளைக்கு எட்டாத பூட்டுள்ள அலுமாரியில் வைத்துக்கொள்ளுங்கள்.